சோற்றுச் சன்னலுக்குள் ஒரு கணினி

எங்கள் வீட்டில் சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவிலுள்ள கல்சுவரில் ஒரு திறப்பு உண்டு. கதவோ கம்பியோ இல்லாத அந்தத் திறப்பின் வழியாகத்தான் அம்மா சாப்பாட்டுத் தட்டுகளை முன்னறைக்கு நீட்டுவாள். ஏலப்பாறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் வீட்டு வரிசையை லயம் என்பார்கள். மற்ற லயங்களில் இப்படியொரு திறப்பு இருக்கிறதா என்று நான் விசாரித்ததில்லை. எங்கள் வீட்டில் அதற்குச் சோற்றுச் சன்னல் என்று பெயர். அடுப்பின் வெதுவெதுப்பு படுவதாலோ என்னவோ, வீட்டில் ஈரம் ஏறாத ஒரே இடம் அது. வேறெங்கு வைத்தாலும் என் புத்தகங்கள் ஆடியில் பூசணம் பூக்கும். சோற்றுச் சன்னலில் வைத்த தீப்பெட்டி மட்டும் முதல் உரசலிலேயே பற்றும்.

அக்காவின் கணினி அங்கேதான் குடியிருக்க வேண்டும் என்று முடிவானது அதனால்தான். அவளுடைய பழைய மடிக்கணினி ஒரே மழைக்காலத்தில் விசைகள் ஒட்டிக்கொண்டு செத்துப் போயிருந்தது.

அக்கா கல்யாண வீடியோக்களைத் தொகுப்பவள். கட்டப்பனையில் ஒரு ஸ்டுடியோவில் வேலை கற்று, அங்கேயே சேர்ந்திருந்தாள். ஸ்டுடியோக்காரர் தொகுப்பு வேலை முழுவதையும் எர்ணாகுளத்துக்கு மாற்றத் தீர்மானித்தபோது, அவளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார். சொந்தக் கணினியில், வீட்டிலிருந்தே, ஒரு கல்யாணத்தைக் குறித்த நாளில் முடித்துக்காட்ட வேண்டும். முடித்தால் வீட்டிலிருந்தே வேலையைத் தொடரலாம். இல்லையென்றால் எர்ணாகுளத்து விடுதி. அந்த ஊரில் அக்கா ஒரு மாதம் பயிற்சிக்காக இருந்திருக்கிறாள். விடிய விடிய ஓடும் மின்விசிறியின் கீழே படுத்துத் தூக்கம் வராமல், இங்கே மழை பெய்கிறதா என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருப்பாள். இனி அங்கே போவதில்லை என்பதில் உறுதியாக இருந்தாள்.

பாகங்களைத் தேர்ந்து வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் பாலக்காட்டில் இலக்கியம் படிக்கிறேன்; கடைகள் அங்கே இருக்கின்றன. அதைவிட முக்கியமாக, எதையும் கடைசி வரி வரை படிக்கும் பொறுமை எங்கள் வீட்டில் எனக்கு மட்டுமே உண்டு என்று அக்கா நம்பினாள்.

சிறிய பெட்டிக்குப் பாகங்கள் தேர்வது வெண்பா கட்டுவதைப் போன்றது என்பதை விரைவில் கண்டுகொண்டேன். ஒரு சீரை மாற்றினால் அடுத்த சீரோடு தளை தட்டும். நல்ல கிராபிக்ஸ் கார்டு என்றால் நீளம் அதிகம். நீளம் அதிகமென்றால் பெட்டி பெரிதாகும். பெட்டி பெரிதானால் சன்னலில் நுழையாது. கார்டைக் குறுக்கினால் விசிறி ஒன்றுதான் இருக்கும். அதற்கு மூச்சுவிடத் திறந்த பக்கம் வேண்டும். எங்கள் சன்னலின் ஆழம், அதாவது சுவரின் கனம், ஒரு சாணுக்குச் சற்றே அதிகம். சமையலறைப் பக்கம் ஒரு விரலளவும் துருத்தக் கூடாது என்பது அம்மா விதித்த நிபந்தனை. சுடுசோற்றுப் பானையோடு அவள் அந்தப் பக்கம்தான் திரும்புவாள்.

அக்காவுக்கு மூன்று விசிறி வைத்த கார்டின்மேல் ஆசை. என் விடுதி வராந்தாவில் நின்று தொலைபேசியில் அவளோடு பேசினேன்.

"அது சன்னல்ல நுழையாதுக்கா."

"சன்னல இடிச்சிருவோம்."

"சுவரு கம்பெனிக்குள்ளது."

"ஒரு விசிறிய மட்டும் அறுத்து எடுத்துட்டா?"

"அறுத்தா நீ நேரா எர்ணாகுளந்தான்."

பிறகு, "சரி, குட்டையா உள்ளதையே பாரு. ஆனா மெமரி குறையக் கூடாது, சொல்லிட்டேன்" என்றாள்.

மூன்று கார்டுகள் பட்டியலில் எஞ்சின. அவற்றின் அளவுகளைப் பார்த்து, பிஸ்கட் அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டி, மூன்றுக்கும் மாதிரி செய்தேன். மின்கம்பி செருகும் இடத்தில் கம்பி வளைவதற்கும் இடம் வேண்டும் என்பதால், குளிர்பானம் உறிஞ்சும் குழலை மடக்கி ஒட்டினேன். மாதிரிகளைப் பையில் போட்டுக்கொண்டு பாலக்காட்டுக் கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்த பெண்மணி கிழக்குப் பாலக்காட்டுக்காரர், கோயம்புத்தூர்ப் பேச்சு. நான் அட்டைகளை வரிசையாக மேசைமேல் வைத்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"இதென்னுங்க அம்மிணி, பொம்மை ஊடு கட்டறீங்களா?"

"கார்டுங்களோட அளவுங்க. நிஜக் கார்டை இதுகூட வெச்சுப் பாக்கணும்."

"இந்தக் கொழாயி எதுக்குங்க?"

"பவர் கம்பி வளையற இடம்."

அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏனுங்க, இங்க வாங்க. பொண்ணு பாக்க வந்தவங்க ஜாதகத்தோட வந்திருக்காங்க." உள்ளிருந்து கணவர் வந்து, சிரிக்காமல் குழலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

நான் பேச்சில் வல்லவள் அல்ல. கேலிக்கு மறுமொழி யோசித்து முடிப்பதற்குள் கேலி செய்தவர்கள் அடுத்த பேச்சுக்குப் போயிருப்பார்கள். ஆகவே அளப்பதைத் தொடர்ந்தேன். மெலிந்த, அரை உயரக் கார்டு எளிதாக அடங்கியது. ஆனால் அதில் மெமரி போதாது. இரண்டாவது ஒரு விரலளவு நீளம் அதிகம். மூன்றாவது குட்டையானது, தடித்தது, ஒற்றை விசிறி உடையது. அட்டை மாதிரியோடு அது இம்மியும் பிசகாமல் பொருந்தியபோது, நான் அறியாமலே சிரித்துவிட்டேன் போலிருக்கிறது.

"புடிச்சுப் போச்சாட்ட இருக்குது" என்றார் அந்தப் பெண்மணி. "மத்ததெல்லாம் இதுக்குத் தக்கன எடுத்துக்கலாமுங்க."

அப்படியே எடுத்தோம். ஒரு சாணகல மதர்போர்டு, சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பவர் சப்ளை, இருபுறமும் வலையடித்த மெல்லிய பெட்டி. ஓண விடுமுறைக்கு ஊர் திரும்பியபோது, துணிப்பையைப் பேருந்தின் மேலடுக்கில் போட்டுவிட்டு, கார்டை மட்டும் வழி முழுவதும் மடியில் வைத்திருந்தேன்.

முன்னறைத் தரையில் செய்தித்தாளை விரித்து நானும் அக்காவும் கணினியைப் பூட்டினோம். தேயிலை ஃபாக்டரி வேலை முடிந்து வந்த அப்பா, காப்பித் தம்ளரோடு குந்தி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

"இம்புட்டு வயரும் இதுக்குள்ள போயிருமாக்கும்?"

"போயிரும்ப்பா."

"ஒங்க அம்மை ஊருக்குக் கெளம்பையில பை கட்டுவாளே, அது கணக்கால்லா இருக்கு."

சமையலறையிலிருந்து பதில் வந்தது: "அந்தப் பையிலதான் நீரு தீபாவளிக்கு முறுக்குக் கொண்டு வந்தீரு. அப்பம் வாய் பேசல."

பெட்டி சன்னலுக்குள் நுழைந்து அமர்ந்தது. கார்டு இருக்கும் வலைப்பக்கம் சமையலறையைப் பார்த்தது. மறுபக்கம் முன்னறையைப் பார்த்தது. முன்னறையில் மேசைமேல் திரையை வைத்தோம். பொத்தானை அழுத்தியதும் விசிறி சுழன்றது. அம்மா அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, "எனக்கு முதுகக் காட்டிட்டு இருக்கே, மரியாதை இல்லாத சாதனம்" என்றாள். ஆனால் அன்று மாலையே பெட்டியின் மேல்புறத்தைத் துணியால் துடைத்துவிட்டாள். எங்கள் வீட்டில் ஒரு பொருள் ஏற்றுக்கொள்ளப்பட்டதற்கு அதுதான் அடையாளம்.

வேலைக்கு வந்த கல்யாணம், மலையாளச் சிங்க மாதத்துப் பெரிய கல்யாணம். ஞாயிறு மாலை வரவேற்பில் அதைத் திரையிட வேண்டும். அக்கா துண்டுகளை அடுக்கினாள், நிறம் திருத்தினாள். காலையில் கணினி எந்தக் குறையும் வைக்கவில்லை. மாலையில், தொகுத்ததைச் சேர்த்து ஒரே படமாக வெளியே எடுக்கும்போது மட்டும், பாதியில் திரை இருண்டு எல்லாம் நின்றுவிடும். மணப்பெண் மண்டபப் படியில் கால் வைக்கும் இடத்தைத் தாண்டவே இல்லை.

"பவர் சப்ளை பத்தலியோ?" என்றாள் அக்கா.

கணக்கிட்டேன், போதும். கார்டைக் கழற்றித் திரும்பச் செருகினேன். மெமரியை இடம் மாற்றினேன். ஒவ்வொரு பாகத்தின்மேலும் நியாயமாக, வரிசைப்படி சந்தேகப்பட்டேன். பிறகுதான் ஓர் ஒழுங்கு புலப்பட்டது. பள்ளத்திலிருந்து மஞ்சு ஏறி வந்து எதிர் லயத்தின் கூரை மறையும் வேளையில்தான் கணினி நிற்கிறது. மூடுபனிக்கு எங்கள் பக்கத்துப் பெயர் மஞ்சு. வெயில் இருக்கும்போது ஒருமுறைகூட நிற்கவில்லை. ஈரக்காற்றுத்தான் காரணம் என்று அறிவித்தேன். என் தர்க்கத்தில் எனக்கு மிகுந்த திருப்தி.

"அம்மா, மஞ்சு வந்தா அது படுத்துருது. அடுக்களைக் கதவைச் சாத்தி வைங்க" என்றாள் அக்கா.

"மஞ்சு பட்டா எதுவும் கேடாத்தான் போவும். நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு நிலைமை மோசமானது. முன்பு மண்டபப் படி வரை வந்த மணப்பெண், இப்போது வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். வெள்ளிக்கிழமை அக்கா பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். அலமாரிக்கு மேலிருந்த பெட்டியை இறக்கித் தூசி தட்டி வைத்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எர்ணாகுளத்துக்கு அவள் கொண்டுபோன பெட்டி அது.

சனிக்கிழமை பகலெல்லாம் கடைசித் திருத்தங்களில் போயிற்று. படத்தை வெளியே எடுக்கத் தொடங்கியபோது அம்மா கொழுந்து எடுத்துவிட்டு வந்து, குளித்து, அடுக்களைக்குப் போயிருந்தாள். வெளியே மஞ்சு ஏறத் தொடங்கியது. கட்டப்பனைக்குப் போகும் மாலைப் பேருந்தின் நடத்துநரிடம் பென் டிரைவைக் கொடுத்தனுப்புவதாகப் பேச்சு. திரையில் பச்சைக்கோடு நகர்வதை அக்கா இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்க முடியாமல், அடுக்களைக் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்க்க எழுந்து போனேன்.

கதவு சாத்தித்தான் இருந்தது. அம்மா சோற்றுச் சன்னலின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மழையில் மலைக்குப் போகும்போது தலையோடு போர்த்திக்கொள்ளும் தடித்த கம்பளியை நாலாக மடித்து, கணினியின் வலைப்பக்கத்தில், கார்டின் ஒற்றை விசிறிக்கு நேராக, நான்கு ஓரமும் இடுக்கு விடாமல் செருகிக்கொண்டிருந்தாள். தொட்டில் குழந்தைக்குப் போர்வை விளிம்பு ஒதுக்கும் கை. எங்கள் லயத்தில் மஞ்சு ஏறினால் டிவிக்குத் துண்டு விழும். மிக்ஸிக்குப் பழைய நைட்டியில் தைத்த உறை விழும். அந்த வீட்டிலேயே வளர்ந்த எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. அம்மா வீடு திரும்பும் நேரமும் மஞ்சு ஏறும் நேரமும் ஒன்றென்பதை என் தர்க்கம் கணக்கில் எடுத்திருக்கவில்லை.

"அம்மா, என்ன செய்யிதீங்க?"

"மொதல்ல துண்டுதான் போட்டேன். நீங்க சொன்ன பொறவுதான் கம்பளி. பாவம், எப்படிக் கொதிக்கி பாரு. காய்ச்சக்காரன் மாதிரி."

முன்னறையிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "ஏட்டி, நின்னு நின்னு போவுதுடி!"

நான் கம்பளியை இழுத்தேன். இழுத்த வேகத்தில் அது என்மேலேயே விழுந்தது. விசிறி ஓலமிட்டபடி சுழன்றது. எனக்கு உரக்கப் பேசிப் பழக்கமில்லை. அன்று லயம் முழுவதும் கேட்டிருக்கும். "அக்கா! மூச்சு! அதுக்கு மூச்சு!"

அக்கா ஓடிவந்து, கம்பளிக்குள் இருந்த என்னையும், கையைப் பிசைந்துகொண்டு நின்ற அம்மாவையும், சன்னலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அடுக்களைத் தரையில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினாள். பல நாள் அடக்கியதெல்லாம் சேர்ந்து வந்த சிரிப்பு.

"எர்ணாகுளத்துக்கு அனுப்பப் பாத்தீங்களேம்மா!"

"நானா? அது குளிருக்குச் சாவப் பாத்துச்சு, நான் காப்பாத்தினேன்" என்றாள் அம்மா. அதற்குள் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அதுக்கும் நம்மள மாதிரி மூக்கு இருக்குன்னு ஆரு சொன்னா? முதுகுன்னுல்லா நெனச்சேன்."

பச்சைக்கோடு நின்றுவிடவில்லை. சற்றுத் தயங்கி மறுபடி நகர்ந்தது. அம்மா அடுக்களைக் கதவைத் திறந்துவிட்டாள்; மஞ்சு உள்ளே வந்து கணினியைத் தாராளமாகத் தடவிப் போயிற்று. மணப்பெண் மண்டபப் படி ஏறினாள், மாலை மாற்றினாள், சத்யா என்னும் இலை விருந்தில் பாயசம் குடித்தாள். பென் டிரைவை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, அக்கா பேருந்துக்கு ஓடினாள்.

திங்களன்று ஸ்டுடியோக்காரர் கூப்பிட்டார். படம் எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த கல்யாணத்தின் ஹார்ட் டிஸ்க் தயாராக இருக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போ என்றார். அக்கா போனை வைத்துவிட்டு, ஊர்ப்பெட்டியை எடுத்து மறுபடி அலமாரிக்கு மேலே ஏற்றினாள். அப்பா கீழிருந்து தாங்கினார்.

கணினிக்கும் ஓர் உறை வந்தது. மிக்ஸியின் உறையோடு சேர்ந்த அதே நைட்டித் துணி, ஓரத்தில் சுருக்கம் வைத்துத் தைத்தது. அதை எப்போது போடலாம் என்பதில் அம்மாவுக்கும் எனக்கும் உடன்பாடு உண்டு. ஒவ்வொரு முறையும், "அது ஒறங்கிருச்சா?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டுதான் போடுகிறாள்.

பெட்டியின் மேல்புறத்திலிருந்து வெதுவெதுப்பான காற்று வரும் என்பதையும் அவளே கண்டுபிடித்தாள். விறைத்த விரல்களோடு மலையிலிருந்து வந்ததும், வலையை மறைக்காமல், நான் அளந்து காட்டிய தூரத்தில் கைகளை நீட்டிக் காய்கிறாள். பெரிய கல்யாணம் என்றால் அதிக நேரம் காயலாம் என்பதும் அவளுக்குத் தெரியும். போன வாரம் நனைந்த கம்பளியோடு அடுக்களைக்குள் நுழைந்தவள், சோற்றுச் சன்னலின் வழியே முன்னறைக்குக் குரல் கொடுத்தாள்:

"இன்னைக்குக் கல்யாணம் உண்டாட்டி?"

"சின்னது. வீட்டோட நிச்சயதார்த்தம்" என்றாள் அக்கா.

"போதும், போடு. கை மட்டுந்தான்."