சிவப்பு கிளிப் வலது கைக்கு

என் சித்தி இருபத்திரண்டு வருடங்களாக ஒரே ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுக்கிறாள். தரைத்தளத்தில் கடைசி அறை அவளுடையது. அதற்கு ஜன்னல் கிடையாது. ஒரு கட்டில், பச்சைத் திரை, சக்கரம் வைத்த மெஷின், ஒரு டப்பா ஜெல், பஞ்சு. உள்ளே வருகிறவர்களிடம் அவள் பேசுவது மூன்று வாக்கியம்தான். "சட்டையைக் கழட்டிட்டுப் படுங்க. அசையாதீங்க. பேசாதீங்க." அதற்குப் பிறகு காகிதம் நகரும் சத்தம் மட்டும் கேட்கும். நெஞ்சில் ஒட்டிய ரப்பர் குமிழ்களை எடுத்ததும் ஆறு வட்டமான சிவப்பு அடையாளங்கள் கொஞ்ச நேரம் நிற்கும், யாரோ ஆறு முறை வாய் வைத்து உறிஞ்சியதுபோல.

வார்டில் யாராவது இறந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். டாக்டர் கையெழுத்துப் போடும் முன் ஒரு நேர்க்கோடு காகிதத்தில் வர வேண்டும். அதனால் நர்ஸுகள் அவளுக்கு 'நேர்க்கோட்டு அக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"அக்கா, எங்க வார்டு பக்கம் மட்டும் வந்துடாதீங்க, கும்பிட்டுக்கிறேன். நீங்க வண்டியைத் தள்ளிட்டு வந்தாலே எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிறாங்க."

"வரலைன்னா உனக்குத்தான்டி கஷ்டம். டாக்டர் கையெழுத்துப் போட மாட்டாரு, நீ வீட்டுக்குப் போக முடியாது."

இப்படிச் சிரிக்கத் தெரிந்தவள்தான். ஆனால் வீட்டில், விடிந்ததும் முழங்காலில் நின்று அவள் செய்யும் ஜெபம் வேறு மாதிரி இருக்கும். எல்லாருக்காகவும் ஜெபித்துவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். "ஆண்டவரே, நீர் இருதயத்தைப் பார்க்கிறவர். அந்த மனுஷனோட இருதயத்துல என்ன இருக்குன்னு ஒரே ஒரு தடவை எனக்குக் காட்டும்."

சமையலறையில் அம்மா முணுமுணுப்பாள். "ஆண்டவர்கிட்டயே ஈசிஜி கேக்குறா பாரு."

அந்த மனுஷன் அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன், என் மாமா. பதினோரு வருடங்களுக்கு முன்னால், ஒரு கல்யாணம் முடிந்து திரும்புகையில் மாமா கார் ஓட்டினார். நல்ல வெயில் நேரம். முன் இருக்கையில் சித்தப்பா, பின்னால் சித்தி. கார் ஒரு மரத்தில் மோதியது. சித்தப்பா அங்கேயே போய்விட்டார். "நாய் ஒண்ணு குறுக்க வந்துச்சு" என்றார் மாமா. போலீஸிடமும் அதையே சொன்னார், சவப்பெட்டியின் பக்கத்தில் நின்றும் அதையே சொன்னார். நாய் எதுவும் வரவில்லை, அவர் தூங்கினார் என்று சித்திக்குத் தெரியும். கண்ணாடியில் அவர் கண் இமைகள் மூடுவதை அவள் பார்த்தாள். அன்றிலிருந்து அவரோடு ஒரு வார்த்தை கிடையாது. சித்தி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

எங்கள் சபையில் மனதில் பகையை வைத்துக்கொண்டு திருவிருந்தில் அப்பமும் ரசமும் எடுக்கக் கூடாது என்பார்கள். பலர் அதைக் காதில் வாங்கிக்கொள்வதில்லை. சித்தி வாங்கிக்கொண்டாள். மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் வரிசை முழுவதும் எழுந்து முன்னால் போகும்போது, அவள் முழங்காலை ஒடுக்கி எங்களுக்கு வழிவிட்டு, காலியான பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பாள். ஒருமுறை ஏன் என்று கேட்டேன். "இருதயம் சரியில்ல" என்றாள், வயிறு சரியில்லை என்று சொல்கிற மாதிரி.

அவளுடைய வேதப்புத்தகத்துக்குள் நான்காக மடித்த ஒரு ஈசிஜி காகிதம் இருக்கிறது. புது மெஷின் வந்த அன்று சித்தப்பாவைப் படுக்கவைத்து எடுத்துப் பார்த்தது. அந்தக் காகிதத்தில் மை கிடையாது, சூட்டில்தான் கோடு விழும். சில வருடங்களில் கோடு வெளுத்துப் போகும். இப்போது அதில் சிறு கட்டங்கள் மட்டும் இருக்கின்றன. மூலையில் பேனாவால் எழுதிய சித்தப்பாவின் பெயரும் வயதும் அப்படியே இருக்கின்றன.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆண்கள் வார்டிலிருந்து சீட்டு வந்தது. ஏழாம் பெட், வயது அறுபத்தி மூன்று, இரண்டு மணிக்கு ஆபரேஷன். சித்தி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். ஏழாம் பெட்டில் மாமா படுத்திருந்தார்.

நெஞ்சுவலி என்று அவரை அந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். இளைத்துப் போயிருந்தார். முகம் வலப்பக்கம், வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. சித்தி எப்போதும் நோயாளியின் வலப்பக்கம் நின்றுதான் வேலை செய்வாள். அன்று வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் இடப்பக்கம் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் அவருடைய பின்னந்தலைதான் தெரியும்.

"கையைத் தளர்த்தி விடுங்க சார்" என்றாள்.

குரல் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உடம்பு ஒரு தடவை விறைத்தது. திரும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

காகிதம் வெளியே வந்தது. சித்தி அதைப் பார்த்தாள், பிறகு இன்னொரு தடவை பார்த்தாள். முதல் வரிசையில் ஒவ்வொரு துடிப்பும் மேல்நோக்கி எழ வேண்டும். இதில் ஒவ்வொன்றும் கீழே இறங்கியிருந்தது, வரிசையாகக் குழி தோண்டி வைத்ததுபோல. பிறவியிலேயே இதயம் வலப்பக்கம் இருப்பவர்களுக்கு இப்படி வரும். அப்படி இரண்டு பேரை அவள் பார்த்திருக்கிறாள். தன் அண்ணன் அப்படிப் பிறந்தவர் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

காட்டும் என்று பதினோரு வருடம் கேட்டிருந்தாள். கையில் காகிதம் இன்னும் சூடாக இருந்தது.

வார்டிலிருந்து தன் அறைக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. கதவைச் சாத்தினாள். மெஷினில்தான் கோளாறு, வேறு என்ன என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டாள். மெஷினைச் சோதிக்க ஒரே வழி இன்னொரு உடம்பில் மாட்டிப் பார்ப்பதுதான். கட்டிலில் உட்கார்ந்து, நான்கு கிளிப்புகளையும் தன் கைகளிலும் கால்களிலும் மாட்டி, பட்டனை அமுக்கினாள். இத்தனை வருடத்தில் தன்னுடையதை அவள் எடுத்ததே இல்லை.

திரை அசையாமல் தொங்கியது. காகிதம் நகர்ந்து வந்தது. கோடு மேல்நோக்கி, அளவாக, பாடப் புத்தகத்தில் போடலாம் என்கிற மாதிரி அழகாக இருந்தது. இரண்டு காகிதங்களையும் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவளைப் பயமுறுத்தியது தன்னுடைய கோடுதான் என்று அன்று சாயங்காலம் என்னிடம் சொன்னாள். "எந்த டாக்டர் பாத்தாலும் நல்ல இருதயம்னு எழுதிடுவாங்க. உள்ள இருக்கிறது எனக்குத்தானே தெரியும்?"

உள்ளே இருந்தது இதுதான்: காரில், அவர் இமைகள் மூடுவதைப் பார்த்தபோது, அவளுக்குக் கூப்பிட நேரம் இருந்தது. அண்ணா என்று ஒரு வார்த்தை போதும். சிமிட்டுகிறார், திறந்துவிடுவார் என்று காத்திருந்தாள். மூன்று எண்ணும் நேரம் இருக்கும். அன்றுவரை இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஜெபத்தில்கூட.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. சின்ன டாக்டரம்மா ரிப்போர்ட் வாங்க வந்திருந்தாள். காகிதத்தை வாங்கிப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"அக்கா, நீங்களா எடுத்தீங்க இதை? ரெண்டு கையையும் மாத்தி மாட்டியிருக்கீங்க."

"நான் மாத்த மாட்டேன்மா."

"நெஞ்சு வரிசை ஆறும் சரியா இருக்கு பாருங்க. கை வரிசைதான் தலைகீழ். பேஷண்டோட இதயம் இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்கு. இருபத்திரண்டு வருஷத்துல முதல் தப்பு, ஸ்வீட்டு நான் வாங்கித் தரேன். ஓடிப்போய் இன்னொண்ணு எடுத்துட்டு வாங்க."

அப்போதுதான் சித்திக்குப் புரிந்தது. சிவப்பு கிளிப் வலது கைக்கு, மஞ்சள் இடது கைக்கு. எப்போதும் வலப்பக்கம் நிற்பதால், பக்கத்தில் இருக்கும் கைக்கு முதலில் சிவப்பை மாட்டுவது அவள் கைக்குப் பழகியிருந்தது. அன்று முகத்தைப் பார்க்கக் கூடாது என்று இடப்பக்கம் போய் நின்றாள். கை பழக்கத்தை விடவில்லை.

வண்டியை மறுபடியும் தள்ளிக்கொண்டு போனாள். இந்தத் தடவை வலப்பக்கம் நின்றாள். மாமாவின் கண்கள் திறந்திருந்தன. இரண்டும் அவளையே பார்த்தன.

"ஏம்மா மறுபடியும்? ஏதாவது மோசமா?"

"இல்ல. நான் தப்பா எடுத்துட்டேன். பேசாதீங்க, கோடு ஆடும்."

கிளிப்புகளை மாட்டினாள். பட்டனை அமுக்கினாள். பாதிக் காகிதம் வந்திருக்கும்.

"நாய் எதுவும் வரலம்மா" என்றார் மாமா.

கோடு முள்ளு முள்ளாகக் கிறுக்கியது. அவள் மெஷினை நிறுத்தவில்லை. காகிதம் தன்பாட்டுக்கு வந்து தரையில் சுருண்டது.

"தெரியும். கண்ணாடியில பாத்தேன்" என்றாள். பிறகு, குனிந்து, பக்கத்துப் பெட்டுக்குக் கேட்காதபடி மிச்சத்தையும் சொன்னாள். "உங்களைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடல."

மாமா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். "இவ்வளவு நாளா இதையா வச்சிட்டிருந்த?" என்று கேட்டார். திட்டுகிற குரல் இல்லை அது. அவருக்கு மூச்சு வாங்கியது.

மாமாவுக்கு எடுத்த மூன்றாவது காகிதம் சரியாக வந்தது. நடுவில் ஒரு துடிப்பு மட்டும் தவறியிருந்தது. அதில் நாயும் இல்லை, தூக்கமும் இல்லை, பதினோரு வருடமும் இல்லை. ஜெல்லைத் துடைத்துக்கொள்ள நோயாளி கையில் பஞ்சைக் கொடுப்பதுதான் வழக்கம். அன்று அவளே துடைத்துவிட்டாள்.

இரண்டு மணிக்கு மாமாவை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனபோது ஒரு பக்கம் சித்தி பிடித்துக்கொண்டாள். தியேட்டர் வாசலில் நர்ஸ் கையை நீட்டித் தடுத்தாள். "அக்கா, இதுக்கு மேல நீங்க வரக் கூடாது. இவர் உங்களுக்கு யாரு?"

"எங்க அண்ணன்."

மன்னித்துவிட்டேன் என்று சொல்ல நினைத்தாளாம். அந்த வார்த்தை வாயில் வரவில்லை. அதற்குப் பதிலாகத் தன் வெறும் உள்ளங்கையை அவர் நெஞ்சில் வைத்தாள். கம்பியும் காகிதமும் இல்லாமல் ஒரு இதயத்தைத் தொட்டது அவளுக்கு அதுதான் முதல் தடவை. பூட்டிய அறைக்குள்ளிருந்து யாரோ தட்டுகிற மாதிரி இருந்தது. நிதானமாக, திறக்கும்வரை விடப்போவதில்லை என்பதுபோல. அவர் தட்டுகிறாரா, அவருக்குள் வேறு யாராவதா என்று தெரியாமல் கையை எடுக்கப் பயந்தாள். கடைசியில் நர்ஸ்தான் அவள் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக எடுத்துவிட்டாள்.

"போயிட்டு வாங்கண்ணா" என்றாள் சித்தி.

கதவு மூடிய பிறகும் உள்ளங்கையில் அது நிற்கவில்லை என்று சொன்னாள். வீட்டுக்கு வந்து, என் கையைப் பிடித்து, தன் உள்ளங்கையின் மேல் வைத்துப் பார்க்கச் சொன்னாள். நான் வைத்தேன்.