தஹ்சீன் மூடாத கட்டம்

தஹ்சீனோடு ஒரு கல்யாணத்துக்குப் போய்ப் பாருங்கள். இலையில் கை வைப்பதற்கு முன்னால் பந்தியை ஒரு நோட்டம் விடுவாள். பெண் வீட்டார் எவ்வளவு, மாப்பிள்ளை வீட்டார் எவ்வளவு, வயசானவர்கள் யாராவது இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்களா என்று ஒரு கணக்கு ஓடும். முதல் பந்தி முழுக்க இளவட்டங்களே உட்கார்ந்துவிட்டார்கள் என்று என் காதில் வந்து குறைப்பட்டுக்கொள்வாள். சாப்பிட வந்த இடத்தில் இவளுக்கு ஏன் இந்த வேலை என்று எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அவள் பிழைப்பே அதுதான்.

காதர்பேட்டையில் ஜிப்பும் பட்டனும் விற்கிற கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். கம்பெனிகளுக்கு ஆன்லைனில் கருத்துக் கணிப்பு நடத்திக் கொடுக்கிறோம். எந்தப் பிரிவில் எத்தனை பேரிடம் பதில் வாங்குவது என்று கோட்டா போடுகிறவள் தஹ்சீன், நான் ரிப்போர்ட் எழுதுகிறவள். லிங்கை அனுப்பிவிட்டுச் சும்மா இருந்தால், புது போனும் கொஞ்சம் பொழுதும் இருக்கிற பையன்களே எல்லா பதிலையும் சொல்லி முடித்துவிடுவார்கள். அதைத் தொழிலாளர்களின் கருத்து என்று நான் எழுதினால் அது பொய். அதனால் தையலில் இத்தனை பேர், செக்கிங்கில் இத்தனை பேர், இந்திக்காரர்கள் இத்தனை பேர் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு கட்டம் போட்டு வைப்பாள். கட்டம் நிரம்பியதும் கதவு மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு வருகிறவருக்கு ஒரு நன்றி மட்டும் கிடைக்கும்.

அவளுடைய அத்தா பசீர் அகமதுக்கு நாலு கடை தள்ளி பனியன் மொத்த வியாபாரம். வடக்கேயிருந்து வருகிற வியாபாரிகள் பண்டலின் மேலே இருக்கும் பீஸைத் தொடவே மாட்டார்கள், நடுவில் கையை விட்டு ஒன்றை உருவிப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். தன் வேலையும் அதே உருவிப் பார்க்கிற வேலைதான் என்று தஹ்சீன் அவரிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். அவரோ, மகள் கம்ப்யூட்டரில் ஆள் எண்ணுகிறாள் என்றுதான் இன்றைக்கும் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போன வருஷம் பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு ஒரு சர்வே எடுத்தோம். அங்கே கேன்டீனுக்குப் பின்னால் 'குழந்தைகள் காப்பகம்' என்று போர்டு மாட்டிய ஓர் அறை உண்டு. சோதனை பார்க்க ஆடிட் ஆட்கள் வரும் நாளில் மட்டும் திறக்கும். மற்ற நாளெல்லாம் கூரை வரைக்கும் அட்டைப்பெட்டிதான். அதைச் சாம்பிள் ரூமாக மாற்றிக்கொள்ள நிர்வாகத்துக்கு ஆசை. துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர்களோ, முதலில் தொழிலாளர்களைக் கேளுங்கள், யாருக்கும் வேண்டாம் என்றால் பார்க்கலாம் என்று எழுதிவிட்டார்கள். கம்பெனி மேனேஜர் மகுடேஸ்வரனுக்கு இதில் சந்தேகமே இல்லை. அங்கே வேலை செய்கிற பெண்கள் எல்லாரும் குழந்தைகளை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள் என்று அடித்துச் சொன்னார்.

தஹ்சீன் கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொண்டு, 'ஆறு வயதுக்குள் குழந்தை உள்ள பெண்கள்' என்று ஒரு கட்டத்தையும் போட்டு, அதற்கு முப்பது இடம் ஒதுக்கினாள். காப்பகம் வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தானே.

கேன்டீன் சுவரில் கியூஆர் கோடு போட்ட நோட்டீஸ் ஒட்டினோம். சாப்பாட்டு நேரத்தில் அவரவர் போனில் ஸ்கேன் செய்து பதில் சொல்ல வேண்டும். மற்ற கட்டங்கள் எல்லாம் மடமடவென்று நிரம்பின. பேக்கிங் பையன்கள் முதல் நாளே முடித்துவிட்டார்கள். ஒரு வாரம் போன பிறகும் இந்த ஒரு கட்டத்தில் மட்டும் நாலே பேர்.

எங்கள் முதலாளி சண்முகவேல் நல்ல மனுஷர். ஆனால் தேதி நெருங்கினால் அவருக்கு முகம் மாறிவிடும். கட்டத்தை எடுத்துவிட்டு, மிச்ச இடத்துக்கு வேறு பெண்களைப் போட்டு முடித்துவிடச் சொன்னார். எல்லா இடத்திலும் நடக்கிறதுதான். நானும், நிரம்பாத கட்டத்தைக் கட்டிக்கொண்டு அழுவானேன் என்றேன். தஹ்சீன் எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தாள். மறுநாள் மத்தியானம் அவள் நாற்காலி காலி. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கம்பெனிக்கே போய்விட்டாள்.

கேன்டீன் வாசலில் நின்று அவள் பார்த்தாளாம். பெண்கள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வருகிறார்கள், போனை எடுக்கிறார்கள், ஸ்கேன் செய்கிறார்கள். சிலர் மட்டும் நோட்டீசை ஏறெடுத்துப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு நகர்ந்துவிடுகிறார்கள். அப்படி நகர்ந்த ஒரு பெண்ணை நிறுத்திப் பேச்சுக் கொடுத்தாள். பூங்குழலி என்று பேர், தையல் பிரிவில் டெய்லர், மடத்துக்குளத்துக்காரி. போன் கொண்டு வரவில்லையா என்று கேட்டாள்.

"போனு ஊட்டுல பாப்பாகிட்ட இருக்குதுங்க மேடம்" என்றாள் பூங்குழலி. "பக்கத்து ஊட்டு அக்காதான் பாத்துக்கறாங்க. போனைக் கையில குடுத்தாத்தான் அழுவாம இருக்குமுங்க. அந்தக்காகிட்டயும் போன் இல்லீங்க. ஏதாச்சும் ஒண்ணுன்னா சூப்பர்வைசர் நம்பருக்குக் கூப்பிடட்டும்னு வெச்சுட்டு வந்துர்றனுங்க."

பாப்பாவுக்கு என்ன வயசு என்று கேட்டதற்கு மூன்று என்றாள். காப்பகம் இருந்தால் விடுவீர்களா என்றதற்கு, அந்த அறையில் அட்டைப்பெட்டியல்லவா இருக்கிறது என்று திருப்பிக் கேட்டாள். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள். "டீ டைம்ல பக்கத்து மெசின்காரங்க போனை வாங்கி, என்ற போனுக்கே கூப்புடுவனுங்க. மூச்சு உடற சத்தம் கேட்டாப் போதுமுங்க."

தஹ்சீன் ஆபீசுக்கு வந்து இதைச் சொன்னாள். அந்த வாரம் முழுக்க அந்தப் பெண்களைத்தான் நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம். அவர்கள் ஒவ்வொரு நாளும் அந்த நோட்டீஸ் முன்னால் வந்து நின்றுவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். சண்முகவேல் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்.

"அந்தக் கட்டம் காலியா இருக்கறதுக்குக் காரணமே நாம கேக்கற கேள்விதானுங்க சார்" என்றாள் தஹ்சீன். "குழந்தைய உட எடமில்ல, அதனால போனை உட்டுட்டு வர்றாங்க. போன் இல்ல, அதனால நம்ம கணக்குல அவங்களே இல்ல. இப்ப மூடுனா, குழந்தைக்காரங்களே இங்க இல்லைன்னு நாமளும் சேந்து சொன்ன மாதிரி ஆயிருமுங்க."

சண்முகவேல் பேனாவை மூடி வைத்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் தருகிறேன், திங்கட்கிழமை ரிப்போர்ட் போயாக வேண்டும் என்றார்.

ஞாயிறு லீவு, அன்றைக்கு அம்மாக்களும் போனும் ஒரே வீட்டில் இருப்பார்கள். சனிக்கிழமை சாயங்காலம் கேட்டில் நின்று, கியூஆர் கோடு அச்சடித்த சீட்டை ஒவ்வொரு பெண் கையிலும் தஹ்சீனே கொடுத்தாள். மற்ற கட்டங்களை மூடி, இதை மட்டும் திறந்து வைத்தாள். கேள்விகளின் கடைசியில் புதிதாக ஒன்றையும் சேர்த்திருந்தாள்: 'நீங்கள் வேலையில் இருக்கும்போது உங்கள் போன் யாரிடம் இருக்கும்?'

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பதிலும் வரவில்லை. நான் கறிக்கடை வரிசையில் நின்றுகொண்டு போனைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டேன். தஹ்சீனுக்குப் போன் போட்டால், அக்கா, ஞாயிற்றுக்கிழமை இந்நேரத்துக்கு யார் உட்கார்ந்திருப்பார்கள், துணி துவைக்க வேண்டும், தண்ணி பிடிக்க வேண்டும் என்று எனக்கே சமாதானம் சொன்னாள். ஆனால் குரல் கம்மிப்போயிருந்தது.

சாப்பாட்டு நேரம் தாண்டியதும் ஒன்று வந்தது. அப்புறம் இரண்டு. அப்புறம் வரிசையாக வர ஆரம்பித்தது. பாத்திரம் கழுவிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள் போல. பொழுது சாய்வதற்குள் முப்பதும் நிரம்பி, இன்னும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக தஹ்சீன் ஒரு கோட்டாவைத் தானே உடைத்தாள். கதவை மூட மனசு வரவில்லை என்றாள். அந்த ரிப்போர்ட்டை நான் எழுதினேன். கடைசிக் கேள்விக்கு முக்கால்வாசிப் பேர் சொன்ன பதில் 'வீட்டில், குழந்தையிடம்'. அதை முதல் பக்கத்திலேயே போட்டேன்.

மகுடேஸ்வரன் முதலில் முறைத்தார். போன் எங்கே இருந்தால் உங்களுக்கென்ன என்று சண்முகவேலிடம் சத்தம் போட்டார். ஆனால் வெளிநாட்டுக்காரர்கள் அந்த முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, அறையை எப்போது திறப்பீர்கள் என்று தேதி கேட்டு எழுதிவிட்டார்கள். அட்டைப்பெட்டிகள் போயின. ஒரு ஆயா வந்தார். ஒரே ஒரு ஆயாதான், அறைக்கு இன்னும் ஒரு ஃபேன் வேண்டும், அதெல்லாம் இருக்கிறது. ஆனாலும் இப்போது போர்டில் எழுதியிருப்பது அறைக்குள்ளே இருக்கிறது.

இந்த வருஷம் அதே கம்பெனியில் கேன்டீன் சாப்பாட்டைப் பற்றி ஒரு சர்வே. தஹ்சீன் வழக்கம்போல அந்தக் கட்டத்தைப் போட்டாள். அந்தப் பழைய கேள்வியையும் கடைசியில் சேர்த்துவிட்டாள். சாப்பாட்டுக்கும் போனுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டதற்குக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. முதல் நாள் மத்தியானம் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

பூங்குழலி கை கழுவிவிட்டு வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். திரையில் குறுக்கே ஒரு விரிசல், மூலையில் ஒட்டியிருந்த பொம்மை ஸ்டிக்கர் பாதி உரிந்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தைகள் கத்துகிற சத்தம். அவள் நின்றபடியே ஒவ்வொரு கேள்வியாகப் படித்து அழுத்திக்கொண்டு வந்தாள். கடைசிக் கேள்விக்கு வந்ததும் நிமிர்ந்து தஹ்சீனைத் தேடிப் பார்த்துச் சிரித்தாள். பிறகு 'என்னிடம்' என்பதை அழுத்தினாள்.