அரை மிதியில் மட்டும்

எங்கள் டீசல் கார் என் காலுக்கு மட்டும்தான் ஜெர்க் அடித்தது. வேறு யார் ஓட்டினாலும் சாதுவாகப் போனது. இதை நான் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. ஐம்பது வயதுக்கு மேல் டிரைவிங் ஸ்கூலுக்குப் போன பொம்பளை வண்டியைக் குறை சொன்னால் யார் நம்புவார்கள்? நம்பியது என் வீட்டுக்காரர் ஒருவர்தான். அவர் இப்போது இல்லை. வண்டி வாசலில் நிற்கிறது, நான்தான் ஓட்டுகிறேன்.

அவர் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் இன்ஜின் டெஸ்டிங் பிரிவில் இருந்தவர். புது இன்ஜினை மேடையில் ஏற்றி, கால் லோடு, அரை லோடு, முழு லோடு என்று மணிக்கணக்கில் ஓடவிட்டு, சரியில்லாததைத் திருப்பி அனுப்புவது வேலை. அந்த இரைச்சலில் காது பாதி போய்விட்டது என்பார். நான் அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் விழாத காதுக்கு, தெருமுனையில் போகிற லாரியின் இன்ஜின் கோளாறு மட்டும் எப்படி விழும் என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. நான் பிளவுஸ் தைப்பவள். குவார்ட்டர்ஸில் இருந்தபோது ஆரம்பித்தது, கோவில்பதாகையில் சொந்த வீடு கட்டி வந்த பிறகும் விடவில்லை.

ரிட்டயர் ஆகி உட்காரலாம் என்று நினைத்தபோது அவருக்கு முதுகு வலி வந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து வந்த வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம். புராஸ்டேட்டில் ஆரம்பித்த புற்றுநோய் முதுகெலும்புவரை வந்துவிட்டது என்று ஸ்கேனில்தான் தெரிந்தது. கரண்ட் வைக்க வேண்டும் என்றார்கள். எங்கள் பக்கத்தில் கதிர்வீச்சு என்று யாரும் சொல்வதில்லை, கரண்ட்தான். வானகரம் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு சனி, ஞாயிறு தவிர தினமும் போக வேண்டும். மகள் பெங்களூரில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். அவருக்குக் கிளட்சை மிதிக்கக் கால் எழும்பவில்லை. ஆக, லைசென்ஸ் வாங்கி நாலு மாதம்கூட ஆகாத நான் ஸ்டீரிங்கைப் பிடித்தேன்.

முன்சீட்டை நன்றாகச் சாய்த்து, இடுப்புக்கு ஒரு தலையணையும் கழுத்துக்கு ஒன்றும் வைத்து அவரைப் படுக்கவைப்பேன். ஸ்பீட் பிரேக்கரை எறும்பு மாதிரி ஏறி இறங்குவேன். ஆனால் பருத்திப்பட்டு ஏரி தாண்டி, ரோடு கொஞ்சம் காலியாகி, நாலாவது கியரில் ஒரே சீராகப் போகும்போது, பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்து விட்டதுபோல வண்டி வெட்டியது. மறுபடி வெட்டியது. விடாமல் வெட்டியது. பயந்துபோய் ஆக்சிலேட்டரை அழுத்தினேன், வெட்டு நின்றுவிட்டது. அவர் மேலே இருக்கிற கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வெட்டும் நேராக அவர் முதுகெலும்பில் போய் இறங்கியிருக்கிறது.

அவர் கேட்ட முதல் கேள்வி, “இப்ப கால் எங்க இருந்துச்சு?”

“பெடல்லதான். வேற எங்க இருக்கும்?”

“பாதியா, முழுசா?”

“பாதி.”

“மறுபடியும் அதே மாதிரி வை.”

“பைத்தியமா உங்களுக்கு?” என்று கத்தினேன். அவர் சிரிக்கப் பார்த்தார். வலியில் பாதியிலேயே நின்றுவிட்டது.

அன்று சாயங்காலமே எங்கள் வழக்கமான மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன். அவர் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார், ஒரு கோளாறும் காட்டவில்லை. டீசலில் தண்ணீர் கலந்திருக்கலாம் என்று ஃபில்டரை மாற்றினார். பிறகு ஓட்டிப் பார்க்கப் போனவர், தலை கலைந்து சந்தோஷமாகத் திரும்பி வந்தார்.

“யக்கா, வண்டி சூப்பரா கீது. பைபாஸ் வரிக்கும் போய்ட்டு வந்தேன், ஒரு ஜெர்க்கு கூட இல்ல. நீங்க கிளட்ச் மேலயே கால வச்சிகினு ஓட்டுறீங்க, அதான் வெட்டுது.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் உள்ளுக்குள் அதைவிட மோசமான ஒன்று இருந்தது. ஒருவேளை நிஜமாகவே நான் ஓட்டுகிற விதம்தான் காரணமோ, நோயாளியை நானே இப்படிப் போட்டு வதைக்கிறேனோ என்ற பயம். மறுநாளும் அதே இடத்தில் வெட்டியது. அதற்கு மறுநாள் அவரைக் கேட்காமலே கால் டாக்ஸி வரவழைத்தேன். அலுங்காமல் போய் அலுங்காமல் வந்தோம். மனிதர் போகும்போதும் பேசவில்லை, வரும்போதும் பேசவில்லை. சாப்பிடவும் இல்லை. என்னவென்று கேட்டதற்கு, “நம்ம வண்டில போயிருந்தா இன்னைக்கு இன்னும் கொஞ்சம் தெரிஞ்சிருக்கும்” என்றார்.

“உங்களுக்கு வலிக்குதுங்க. அது போதாதா?”

“வலி எப்படியும் இருக்கத்தான் போகுது. இந்த வலிக்காவது காரணம் கண்டுபிடிக்கலாம்ல?”

எழுந்துபோய்த் தைக்க உட்கார்ந்தேன். அவர் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மோட்டார் வைத்த மெஷினில் பெடலை முழுசாக அமுக்கினால் துணி பிடுங்கிக்கொண்டு ஓடிவிடும். கழுத்து வளைவு தைக்கும்போது அரை மிதியில் அப்படியே பிடித்து நிறுத்த வேண்டும். என் வலது கால் கல்யாணமான நாளிலிருந்து அதைத்தான் செய்கிறது.

“காரையும் நீ இப்படித்தான் ஓட்டுற” என்றார் திடீரென்று. “நானும் அந்த மெக்கானிக்கும் ஒண்ணு மிதிப்போம், இல்லேன்னா காலை எடுத்துருவோம். நடுவுல நிக்க மாட்டோம். நீ நடுவுலயே நிக்கிற. அதான் உனக்கு மட்டும் வருது.” முகத்தில் பழைய வெளிச்சம் வந்திருந்தது. ஷிப்ட் முடிந்து வந்து, இன்று ஒரு இன்ஜினைத் திருப்பி அனுப்பினேன் என்று சொல்வாரே, அந்த முகம். எனக்கு அழுகை வந்தது. கழுத்து வளைவு கோணிவிட்டது, பிரித்துத்தான் தைத்தேன்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது மெக்கானிக்கைப் பின்சீட்டில் ஏற்றிக்கொள்ளச் சொன்னார். ஏரி தாண்டியதும், “இப்ப பிளவுஸ் தைக்கிற மாதிரி பிடி” என்றார். பிடித்தேன். வெட்டியது. காலை எடுக்கப் போனேன். “எடுக்காத, எடுக்காத” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். ஒரு கை கைப்பிடியில், மறு கை டேஷ்போர்டில். வலி கண்ணோரம் நீராக வழிந்துகொண்டிருந்தது.

“இன்னாக்கா இது, இப்டி இழுக்குது!” என்றார் பின்சீட்டிலிருந்து மெக்கானிக். “போதும் சார், புரிஞ்சிபோச்சு. வுட்ருக்கா, கால எடுத்துரு.”

வண்டியை ஓரங்கட்டினோம். அவர் படுத்தபடியே சொன்னார், மெக்கானிக் பானெட்டைத் திறந்து செய்தார். அரை லோடில் மட்டும் இன்ஜின் தான் விட்ட புகையிலேயே கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே வாங்கிக்கொள்ளுமாம். அதைத் திறந்துவிட ஒரு வால்வு. அது சிக்கினால் வண்டி வெட்டும். முழுசாக மிதித்தால் மூடிக்கொள்ளும், அதனால் வேகமாக ஓட்டுகிறவர்களுக்கு எதுவுமே தெரியாது. அந்த வால்வுக்குப் போகும் சின்ன ரப்பர் குழாயைப் பிடுங்கி, அதன் வாயில் ஒரு போல்ட்டைச் செருகி அடைத்துவிட்டுக் கிளம்பினோம். சென்னீர்குப்பம்வரை அரை மிதியிலேயே போனேன். ஒரு வெட்டும் இல்லை.

சனிக்கிழமை வால்வைக் கழற்றினார்கள். உள்ளே கரி, அடிப்பிடித்த பாலைப் போலத் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. அதை வீட்டுக்கே கொண்டுவந்து அவரிடம் காட்டிவிட்டுப் போய்ச் சுத்தம் பண்ணி மாட்டினார் மெக்கானிக். “ஸாரிக்கா, உன் கால் மேல தப்பே இல்ல” என்று என்னிடம் சொல்லவும் செய்தார். என் வீட்டுக்காரர் கரியை விரல்களுக்கு நடுவே தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இனிமே நீ தனியா எவ்ளோ தூரம் போனாலும் நடுவழியில விடாது” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்ஜின்காரரின் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. நான் ஒருத்தியாகப் போகப்போகிற நாட்களுக்காக அந்த வலியைத் தாங்கியிருக்கிறார். “தனியா எங்க போகப் போறேன் நான்? யார் போறேன்னு சொன்னா?” என்று சண்டைக்குப் போனேன். அவர் கையைத் துடைக்கத் துணி கேட்டார்.

திங்கட்கிழமை வண்டி வெண்ணெயாகப் போனது. ஏரி தாண்டியது, பூந்தமல்லி ரோடும் வந்தது, மெட்ரோ தூண்களுக்குக் கீழே வரிசையாகப் போய்க்கொண்டிருந்தோம். அவரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. கேள்வி இல்லை, முனகல் இல்லை. திரும்பிப் பார்த்தேன். கண் மூடியிருந்தது, கை மடியில் கிடந்தது. வேலப்பன்சாவடிக்கு முன்னால் சடாரென்று ஓரங்கட்டி, பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போக, அவர் மூக்கருகே விரலை வைத்தேன். மூச்சு வந்தது.

கண்ணைத் திறந்தார். “ஏன் நிறுத்திட்ட?” என்றார். பிறகு, கொஞ்சம் தலையைத் தூக்கி, “மறுபடியும் வருதா?”

அந்தக் குரலில் ஓர் ஆசை இருந்தது. இத்தனை நாள் அவரைப் பிடித்து வைத்திருந்தது எது என்று எனக்கு அந்த நிமிஷம் தெரிந்தது.

“ஆமா,” என்றேன். “லேசா.”

“எந்த கியர்ல?”

“நாலாவதுல.”

“சரி, எடு. அதே மாதிரி பிடி” என்று சொல்லிவிட்டு, தலையணையைச் சரிசெய்துகொண்டு, உள்ளங்கையை டேஷ்போர்டில் வைத்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். நாலாவது கியரில், அரை மிதியில், ஒரே சீராக ஓட்டினேன். வானகரம் வரும்வரை அவர் கையை எடுக்கவே இல்லை.