சித்தி போடச் சொன்ன கையெழுத்து

சித்தியின் பையில் எப்போதும் ஒரு மை டப்பா கிடக்கும். மூடி ஒரு பக்கம் நசுங்கிப் போனதால் ரப்பர் பேண்டு சுற்றி வைத்திருப்பார். எங்கள் ஊரில் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களுக்கு வருகை எடுக்கும் பணித்தளப் பொறுப்பாளர் அவர். கைநாட்டு வைப்பவர்கள் குறைந்துபோய், கைப்பேசியில் போட்டோ எடுத்து அனுப்பும் காலம் வந்த பிறகும் அந்த டப்பாவை அவர் தூக்கிப் போடவில்லை. கண்மாய்க் கரைக்கு வந்து சேர்ந்ததும் முதலில் கையெழுத்து, அப்புறம்தான் மண்வெட்டி. "மொதல்ல கையெழுத்தப் போடுங்கடி, பெறகு ஊர்க்கதை பேசலாம்" என்று அவர் ஒரு சத்தம் போட்டால், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருப்பவர்களும் எழுந்து வருவார்கள். எண்பது பெண்களுக்கும் அது பல வருடத்துப் பழக்கம். சித்தி நீட்டும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை, பார்க்கத் தேவையும் வந்ததில்லை.

என் அம்மாவின் தங்கை அவர். ஊர் சோழவந்தானுக்குப் பக்கம். நான் மதுரையில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே மனு தட்டச்சு செய்யும் கடை வைத்திருக்கிறேன். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, மருமகள் கொடுமை, மாமியார் கொடுமை எல்லாம் என் விரல் வழியாகத்தான் கலெக்டருக்குப் போகும். அதனாலேயே ஊரில் எனக்கு ஒரு அரைவக்கீல் மரியாதை உண்டு. எனக்கும் அது பிடித்திருந்தது என்பதை ஒளிப்பானேன்.

கண்மாயை ஒட்டிய மேய்ச்சல் நிலத்தில் பெரிய டேட்டா சென்டர் வரப்போகிறது என்ற பேச்சு வந்தபோது ஊர் முதலில் சந்தோஷப்பட்டது. கம்ப்யூட்டர் கம்பெனி, பிள்ளைகள் இனி சென்னைக்கு ஓட வேண்டாம் என்றார்கள். சித்திதான் பஸ் ஏறி என் கடைக்கு வந்து, அது என்னதான் செய்யும் என்று கேட்டார். தேடிப் படித்துச் சொன்னேன். ஊர் உலகத்துப் போட்டோக்களையும் கணக்கு வழக்குகளையும் சேர்த்து வைக்கிற இயந்திரங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும், ஓயாமல் ஓடிச் சூடாகும், குளிரவைக்க மின்சாரமும் தண்ணீரும் வேண்டும், கட்டி முடித்த பிறகு வேலைக்கு ஆள் அதிகம் தேவைப்படாது என்றேன்.

"தண்ணிய எங்கிட்டு இருந்து எடுப்பாக?"

ஆழ்துளைக் கிணறு போடுவார்கள், கம்பெனியின் திட்ட அறிக்கையில் அப்படித்தான் இருக்கிறது என்றேன். சித்தி சிரித்தார். "தெனமும் இவளுகள போட்டோப் பிடிச்சு அனுப்புறேன்ல, அதப் பத்திரமா வைக்கத்தேன் நம்ம தண்ணியக் கேக்குறாகளா? அப்ப கொடிக்காலுக்கு என்னத்த ஊத்துறது?" என்றார். வெற்றிலைக் கொடிக்காலில் கிள்ளுவதும் கட்டுவதுமாகத்தான் அந்தப் பெண்களில் பாதிப் பேருக்கு அடுப்பு எரிந்தது. ஆட்டுக்கு அந்த மேய்ச்சல் நிலம்.

கிராம சபை தீர்மானம் போட்டுத் தந்தால்தான் நிலம் கைமாறும் என்று சொல்லிக் கொடுத்ததும் நான்தான். சித்தி வீடு வீடாக ஏறி இறங்கினார். எங்கள் தெருப் பெண்கள் கிராம சபைக்குப் போய் ஓரமாக நின்றுவிட்டு வருவதுதான் வழக்கம். அந்த ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி எண்பது பேரும் முன்வரிசையில் உட்காரப் போனார்கள்.

அன்றைக்கு எனக்குக் கடை விடுமுறை. அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. சித்தி போனில் கூப்பிட்டார். பின்னால் ஒரே சத்தம்.

"ஏத்தா, வாசல்லயே நோட்டப் போட்டுக் கையெழுத்துக் கேக்குறாக. போடலாமா?"

"அது வருகைப் பதிவு சித்தி. போடுங்க. போடலைன்னா கூட்டத்துக்கே வரலைன்னு எழுதிருவாங்க."

அவ்வளவுதான் சொன்னேன். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று என் கடைச் சுவரில் நானே அச்சடித்து ஒட்டியிருக்கிறேன். ஆனால் மேலே என்ன எழுதியிருக்கிறது என்ற ஒரு கேள்வியை அன்று நான் கேட்கவில்லை. கறி அடிப்பிடித்துவிடும் என்ற அவசரம் எனக்கு.

சித்தி குரல் கொடுத்திருப்பார். அவர்களும் வழக்கம்போல வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். பிறகு கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து, டேட்டா சென்டர் வேண்டாம் என்று தொண்டை கிழியப் பேசினார்கள். பதிவு செய்துகொள்கிறோம் என்று பதில் வந்தது. டீ குடித்துவிட்டு, ஜெயித்தவர்களாகத்தான் வீடு திரும்பினார்கள்.

நில அளவை தொடங்கியதும் பதறிப்போய் ஒரு திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு வந்தார்கள். மனுவை நான்தான் அடித்தேன், கூடவே போனேன். அதிகாரி ஒரு நகலை எடுத்து எங்கள் பக்கம் திருப்பினார். நிலத்தைக் கொடுக்க ஆட்சேபணை இல்லை என்று மேலே தீர்மானம். அதற்குக் கீழே, அன்று வாசலில் வருகைக்கென்று போட்ட எண்பது பேரின் கையெழுத்து. பேசியது எதுவும் அதில் இல்லை. "நீங்களேதான சம்மதிச்சிருக்கீங்க, இப்ப வந்து நின்னா எப்படிம்மா?" என்றார்.

பெண்கள் எல்லாரும் சித்தியைப் பார்த்தார்கள். சித்தி என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, "நாந்தேன் போடச் சொன்னேன். என் தப்புத்தேன்" என்றார். ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் நின்றேன். 'நான் சொன்னேன்' என்று சொல்ல இரண்டே வார்த்தைகள் போதும். வாய் வரவில்லை.

யானை தன் தலையில் தானே மண்ணள்ளிப் போட்ட கதை என்று ஊர் சிரித்தது. பெண்கள் சிரிக்கவில்லை. சித்தி காசு வாங்கிவிட்டார் என்றார்கள். கண்மாய்க் கரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆளில்லாமல் போனது. கொஞ்ச நாளில் அந்தப் பொறுப்பையும் விட்டுவிட்டார். மறுபடி மனு கொடுத்தோம், எதுவும் நடக்கவில்லை. வேலி வந்தது, கட்டடம் எழுந்தது.

ஒரு நாள் அவரிடமே கேட்டேன். "ஏன் சித்தி, நான் சொல்லித்தான் போட்டோம்னு நீங்க சொல்லல?"

"எம்மேல இருந்த நம்பிக்கை போயிருச்சு. ஒம்மேலயும் போச்சுன்னா, நாளைக்கு ஒரு மனு எழுத அவளுக எங்கிட்டுப் போவாளுக?"

அந்தப் பதிலை நான் எனக்கு வசதியாக எடுத்துக்கொண்டேன். சித்தியே வேண்டாம் என்கிறார், நான் ஏன் பேச வேண்டும் என்று இருந்துவிட்டேன். போன தை மாதம் அவர் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். கேதத்துக்கு அந்த எண்பது பேரில் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். அன்றாவது சொல்லியிருக்கலாம். அழுகையை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு அதையும் கடத்திவிட்டேன்.

சென்ற வாரம் அவர்களில் ஒருத்தி கடைக்கு வந்தாள். முன்பு சித்தியோடு ஒரே தூக்குவாளியில் சாப்பிட்டவள். தெருக் குழாயில் தண்ணீர் வருவதே இல்லை, மனு எழுத வேண்டும் என்றாள். நான் அடித்துக்கொண்டிருக்கும்போது பெஞ்சில் உட்கார்ந்து பேசினாள்.

"செத்தவளச் சொல்லக்கூடாது. ஆனா ஒங்க சித்தி எங்களக் குழியில தள்ளிட்டுப் போயிட்டா தாயி. அன்னைக்கு நீ மட்டும் அங்க இருந்திருந்தா, போட விட்டிருப்பியா?"

அச்சடித்த தாளை எடுத்து, "ஒரு தடவை படிச்சுப் பாத்துக்குங்க" என்று நீட்டினேன்.

"நீ அடிச்சா சரியாத்தேன் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, படிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.