வெயிலைத் தாண்டிய வௌவால்கள்

காரைக்குடியில் எங்கள் தெருக்கோடி ஊருணிக் கரையில் ஒரு பெரிய மருத மரம் நிற்கிறது. பழந்தின்னி வௌவால்கள் அதில் கூட்டமாகத் தலைகீழாய்த் தொங்கும். கல்லூரியில் விலங்கியல் ஆசிரியையான எனக்கு அதைப் பார்ப்பதில் அலுப்பே வந்ததில்லை. மரத்தை ஒட்டிய வீட்டு அக்காவுக்கோ அது தினசரித் தொல்லை. ஹோட்டலாக மாறிவிட்ட ஒரு பழைய நகரத்தார் வீட்டுக்குப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுப்பவர் அவர். மொட்டை மாடியில் காயும் விரிப்பில் எச்சம் விழுந்தால் மறுபடி துவைக்க வேண்டும். கிளையை வெட்ட நான்தான் குறுக்கே நிற்கிறேன் என்று என்னோடு பேச்சையே நிறுத்தியிருந்தார்.

போன கோடையில் ஒரு மதியம் வீடு திரும்பியபோது மரத்தில் வழக்கமான இரைச்சல் இல்லை. வெயில் ஏறினால் இவை இறக்கையால் விசிறிக்கொள்ளும்; உடம்பை நக்கி ஈரப்படுத்திக்கொள்ளும். அதுவும் போதாவிட்டால் நிழல் தேடிக் கீழே இறங்கிவிடும். அன்று அடிமரம் முழுக்க அப்பிக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கின. சில விழுந்து செத்துக் கிடந்தன. வேரோரம் கிடந்த ஒரு தாயின் மார்பில் குட்டி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

வனத்துறைக்குப் போன் செய்தேன். வர நேரமாகும், அதுவரை தள்ளி நின்று தண்ணீர் தூவுங்கள், வெறுங்கையால் தொடாதீர்கள் என்றார்கள். என் வீட்டுக் குழாய் அவ்வளவு தூரம் எட்டாது. என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். மாடியிலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீக? மோட்டாரப் போட்டுட்டேன், மேல வாங்க."

ஓடினேன். துவைப்பதற்கு வைத்திருந்த நீளக் குழாயின் வாயை அவர் விரலால் அழுத்திப் பிடிக்க, தண்ணீர் மழையாய்ச் சிதறி மரத்தில் இறங்கியது. முதலில் கூட்டம் மிரண்டது. பிறகு ஒன்று தன் ரோமத்தில் தங்கிய நீரை நக்கியது. பக்கத்தில் இருந்ததும் நக்கியது. கொஞ்ச நேரத்தில் அடிமரமே அசைந்தது.

அக்கா குழாயை வேர்ப்பக்கம் திருப்பினார். செத்ததென்று நான் நினைத்திருந்த தாய் தலையைத் தூக்கியது. கட்டைவிரல் நகத்தைப் பட்டையில் மாட்டி, குட்டியோடு உடம்பை இழுத்தது. சறுக்கியது. மறுபடி மாட்டியது.

"ஏறு தாயி, பிள்ளைய விட்டுறாம ஏறு," என்றார் அக்கா, பிரசவம் பார்ப்பவர் போல.

ஏறிவிட்டது. நாங்கள் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம்.

வனத்துறை ஆட்கள் வந்தபோது மரம் பழையபடி சளசளத்துக்கொண்டிருந்தது. இறந்தவற்றை மட்டும் எடுத்துப் போனார்கள். பொழுது சாய்ந்ததும் கூட்டம் கிளம்பியது. வௌவால்கள் ஊருணிக்கு மேல் தாழப் பறந்து, வயிற்றைத் தண்ணீரில் தொட்டு நனைத்து, மேலேறி ஈர ரோமத்தை நக்கியபடி மேற்கே போயின. தெருவே வாசலுக்கு வந்து அண்ணாந்து நின்றது. நனைந்த சேலையோடு மாடியில் நின்ற எங்களுக்கு அந்த வானமே நாங்கள் ஜெயித்து வாங்கியது போலிருந்தது.