மழை வந்ததும் கோட்டோரம் ஓடியவன்

காலேஜில் ஹாக்கி ஆடிய திமிரோடுதான் வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஷாப்பு ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போனேன். திடலில் ஒரு பாதியில் தோல் காயும், மறுபாதியில் நாங்கள் ஆடுவோம். வேலூர் அணியை ஜெயிக்காவிட்டால் அந்தப் பாதியிலும் தோல்தான் காயும் என்று மேஸ்திரி கறாராகச் சொல்லிவிட்டார்.

எங்கள் முன்வரிசை ஐவரும் பந்து இருக்குமிடத்திலேயே குவிவார்கள். லாங் பஜார் நெரிசலில் கைவண்டி சிக்கிக்கொண்ட மாதிரி இருக்கும்.

"விலகி ஓடுங்கப்பா! நீ கோட்டோரம் போனா உன்னைப் பிடிக்க ஒருத்தன் பின்னாலயே வருவான். நடுவுல இடம் காலியாவும்!" என்று இடது ஓரத்தில் ஆடியவனிடம் கத்தினேன். ஷாப்பில் தோல் உலர்த்துவது அவன் வேலை.

"பந்தும் குடுக்க மாட்டீங்க, சும்மா ஓடணுமா? இன்னா சார் பேஜாரு!"

"ஓடுறா, காலேஜ்ல படிச்சவரு சொல்றாரு!" என்று கிண்டலடித்தான் நடுவில் ஆடியவன்.

ஓரத்து ஆள் முனகிக்கொண்டேதான் ஓடினான். ஆனால் ஒருநாள்கூட ஓடாமல் இருந்ததில்லை.

வேலூர் அணி வந்தது. ஆட்டம் முழுக்க இவன் கோட்டோரம் ஓட, அவர்களுடைய பின்வரிசை ஆள் ஒருவன் நிழல் மாதிரி கூடவே ஓடினான். நடுவில் இடம் கிடைத்தும் எங்கள் ஆட்கள் கோலைக் கோட்டைவிட்டார்கள். இரண்டு அணிக்கும் ஒவ்வொரு கோல்தான். முடியப்போகிற நேரத்தில் தூறல் விழுந்தது.

"ஐயோ, தோலு!"

பந்து இருந்த பக்கம்கூடப் பார்க்காமல் இவன், இடது கோட்டுக்கு அப்பால் காயப்போட்ட தோலை நோக்கிப் பாய்ந்தான். மறுபடியும் கோட்டோரம் போகிறான் என்று நினைத்து வேலூர்க்காரனும் பின்னாலேயே பாய்ந்தான். நடுவில் வாசல் திறந்தது. எங்கள் நடு ஆள் அதில் நுழைந்து பந்தை வலைக்குள் அடித்தான்.

விசில் ஊதியதும் கட்டிப்பிடிக்க யாருக்கும் நேரமில்லை. பதினோரு பேரும் தோலுக்கு ஓடினார்கள்.

"மரமாட்டம் நிக்கிறியே, அந்த முனையப் பிடிப்பா!" என்று இவன் அதட்ட, திகைத்து நின்ற வேலூர்க்காரனும் பிடித்தான்.

"ஆட்டமும் ஜெயிச்சிட்டீங்க, தோலும் நனையல. இந்தப் பாதியில நீங்களே ஆடிக்கினு போங்க," என்றார் மேஸ்திரி.

எல்லாரும் என் பயிற்சியைப் புகழ்ந்தார்கள். வராத பந்துக்காக அத்தனை நாள் இவன் ஓடியிருக்காவிட்டால், அன்றைக்கு எவன் நம்பிப் பின்னால் போயிருப்பான்? இவனுடைய ஈரக் கையைப் பிடித்து நன்றி சொன்னேன்.

"அது கிடக்கட்டும் சார். நாளைக்காவது எனக்குப் பந்து குடுப்பீங்களா?" என்றான்.