வழுக்குனா வழுக்கட்டும்

எங்கள் வீட்டில் ரகசியம் பேச முடியாது. தாராவியில் கீழே ஓர் அறை, இரும்பு ஏணி ஏறினால் மேலே ஓர் அறை. அப்பா, அம்மா, தம்பி, பிள்ளைகள் இரண்டு, நாங்கள். "குழம்புல உப்பு கூடிப்போச்சு" என்று நான் மெதுவாகச் சொன்னாலும், பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "நேத்தும் இதத்தானண்ணே சொன்னீக" என்பாள்.

அதனால் கல்யாணமான நாளிலிருந்து நானும் என் பெண்டாட்டியும் மனசுவிட்டுப் பேசிக்கொண்டதெல்லாம் பைக்கில்தான். எனக்குத் தோல் பை தைக்கிற பட்டறை. அவளுக்குச் செம்பூரில் ஒரு துணிக்கடையில் ஆல்ட்ரேஷன் வேலை. காலையில் நான் கொண்டுபோய் விடுவேன். ஹெல்மெட்டோடு ஹெல்மெட் முட்ட, சயான் தாண்டியதும் ஆரம்பிப்பாள். என் அம்மா மேல் உள்ள கோபம், மகனுக்குக் கணக்கு ஏறாதது, ஜாக்கெட்டை இறுக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு மூச்சு முட்டுது என்று சண்டைக்கு வந்த மாட்டுங்கா மாமி, எல்லாம் வரும். நான் ம் கொட்டிக்கொண்டே ஓட்டுவேன். ஊரில் உள்ளவன் எல்லாம் கடற்கரையில் போய் உட்கார்ந்து காதலிக்கட்டும். எனக்கு டிராஃபிக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் போதும்.

போன மழைக்காலத்தில் அதில் மண் விழுந்தது. செம்பூரில் ஒரு திருப்பம். எவன் வண்டியிலிருந்தோ சிந்திய ஆயில் மழைத்தண்ணீரில் பரவிக் கிடந்தது. பின் டயர் லேசாக விலகியது, அவ்வளவுதான். நான் அரண்டுபோய்க் கைப் பிரேக், கால் பிரேக் இரண்டையும் சேர்த்துப் பிடித்தேன். அடுத்த நொடி இரண்டு பேரும் ரோட்டில் உட்கார்ந்திருந்தோம். நல்லவேளை, முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. அவள் எழுந்தாள், துப்பட்டாவைப் பிழிந்தாள். "இனிமே ஒங்க பின்னால உக்காந்தேன்னா என்னன்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தே கடைக்குப் போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து அவளுக்குப் பஸ். கெஞ்சினேன், சண்டை போட்டேன், புது டயர் மாட்டிக் காட்டினேன். ம்ஹூம். வீட்டில் "சோறு வைக்கவா", "தண்ணி வந்துட்டு", இவ்வளவுதான் பேச்சு. அவள் உட்கார்ந்த இடத்தில் தோல் கட்டை ஏற்றிக்கொண்டு போவேன். தோல் கட்டு பேசுமா? எனக்கு அழுகையே வந்துவிடும், சத்தியமாக.

செம்பூருக்கு அப்பால் சீத்தா கேம்ப்பில் மெக்கானிக் கடை வைத்திருக்கிற கூட்டாளி ஒருவன் உண்டு, என்னோடு ஸ்கூலில் படித்தவன். அடக்கம் என்கிற சங்கதியே அவனிடம் கிடையாது. கதையைக் கேட்டதும் சிரித்தான்.

"ஏல மாப்ள, வண்டி வழுக்குனதால நீ விழல. வழுக்குனதும் பயந்து பிரேக்கப் புடிச்ச பாரு, அதால விழுந்த. வழுக்குனா வழுக்கட்டும்னு விடத் தெரியணும். மும்பையில அத நான் ஒருத்தன்தான் சொல்லிக் குடுப்பேன், தெரியும்லா?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாஷி தாண்டி ஒரு காலி மனைக்கு இழுத்துக்கொண்டு போனான். கட்டடம் வரப்போகிறது என்று சமப்படுத்திப் போட்ட செம்மண். அவனும் அவனுடைய செட்டும் அங்கே பழைய பைக்குகளை வட்டமாக ஓட்டிப் பின் டயரை வேண்டுமென்றே வழுக்கவிடுவார்கள். லைட், கண்ணாடி, ஹாரன், முன் பிரேக் எதுவும் இல்லாத மொட்டை வண்டிகள். இடது பூட்ஸுக்கு அடியில் வளைத்த தகரம் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். திருப்பத்தில் அந்தக் காலை வெளியே நீட்டித் தரையில் தேய்த்தபடி, வண்டியை மட்டும் கீழே சாய்த்து, ஆக்சிலேட்டரைத் திருக வேண்டும். பின்பக்கம் வெளியே பிய்த்துக்கொண்டு போகும். ஹேண்டிலை எதிர்ப்பக்கம் திருப்பினால் வண்டி பக்கவாட்டிலேயே திரும்பும். பார்க்க என்னமோ சுளுவாகத்தான் இருந்தது.

எனக்குக் கால் வெளியே வரவில்லை ஐயா! தாராவி சந்தில் இருபது வருஷப் பழக்கம். காலை நீட்டினால் ஒருத்தர் வீட்டுத் தண்ணி டிரம்மில் இடிக்கும், இன்னொருத்தர் வீட்டு அடுப்பைத் தட்டிவிடும். முட்டியை டேங்கோடு ஒட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டித்தான் நாங்கள் வண்டி ஓட்டுவோம். அத்தனை பெரிய மைதானத்திலும் நான் அப்படியே ஒடுங்கி உட்கார்ந்து ஓட்டினேன். போதாததற்கு, திருப்பம் வந்தால் கட்டைவிரல், அந்த வண்டியில் இல்லாத ஹாரனைத் தேடும். "பீம் பீம்னு வாயாலயாவது அடியேன்டா!" என்று கூட்டாளி கத்தினான். செட்டே விழுந்து விழுந்து சிரித்தது. நான் வண்டியோடு விழுந்து விழுந்து எழுந்தேன்.

கோபம் பொத்துக்கொண்டு வந்த ஒரு ஞாயிறு, போடா மயிரு என்று காலை நீட்டிவிட்டேன். தகரம் கரகரவென்று தேய்ந்தது. பின் டயர் விலகியது. நான் ஆக்சிலேட்டரை விடவில்லை. வண்டி என்னைத் தள்ளிவிடாமல், அழகாக, பக்கவாட்டில், செம்மண்ணைச் சீறி அடித்துக்கொண்டு திரும்பியது. அடேயப்பா! அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? பயந்து பயந்து இவ்வளவு நாளும் எதைப் பிடித்து நிறுத்தினேனோ அதுவே என்னைத் தூக்கிக்கொண்டு போயிற்று. கூச்சல் போட்டேன். நாற்பது வயது ஆள் கூச்சல் போட்டேன்.

வீட்டில் என் துணியிலிருந்து வாளி வாளியாகச் செம்மண் தண்ணீர் பிழிந்து கொட்டியவள் ஒருநாள் இடுப்பில் கை வைத்துக் கேட்டாள்: "ஞாயித்துக்கிழம ஆனா எங்க போயி உருளுதீக?"

விஷயத்தைச் சொன்னேன். அடுத்த வாரம் அவளே வந்தாள். என் பைக்கில் அல்ல. குர்லா போய் ரயில் பிடித்து, வாஷியில் இறங்கி ஆட்டோவில். நான் அவள் முன்னால் ஒரு வட்டம் போட்டேன், பிரமாதம். இரண்டாவது வட்டத்தில் அவள் பார்க்கிறாளா என்று திரும்பிப் பார்த்து, பொத்தென்று விழுந்தேன். ஓடி வருவாள் என்று நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் கூட்டாளியிடம் போய், "அண்ணே, நான் ஒருக்க ஓட்டிப் பாக்கட்டா?" என்றாள்.

"வாங்க தங்கச்சி, இவன விட நல்லா வருவீக" என்றான் பாவி.

அப்படியேதான் ஆயிற்று. கடை ஸ்கூட்டரில் செம்பூரின் அகல ரோட்டில் துணி கொண்டுபோய்க் கொடுத்துப் பழகியவள், சந்தில் ஒடுங்கி ஓட்டியதே கிடையாது. நீட்டு என்றதும் காலை நீட்டினாள். கியர் பழகத்தான் கொஞ்ச நாள் பிடித்தது. மழை முடிவதற்குள் செம்மண்ணை வாரியடித்துக்கொண்டு எனக்கு முன்னால் போனாள். பொறாமையா என்று கேட்காதீர்கள். ஆமாம், பொறாமைதான். பெருமையும் தாங்கவில்லை.

ஒரு ஞாயிறு வீட்டுக்குக் கிளம்பும்போது, "சாவியத் தாங்க, நான் ஓட்டுதேன்" என்றாள். ஆட்டோ பிடிக்காமல் என்னோடு பைக்கில் வருகிறாளே, அது போதும் என்று பின்னால் ஏறினேன். மனையிலிருந்து ரோட்டுக்குப் போகிற மண்பாதையில் முந்தின நாள் மழைச் சகதி. முதல் திருப்பத்திலேயே பின் டயர் ஒரு ஆட்டு ஆட்டியது. அவள் பிரேக்கைத் தொடவில்லை. லேசாக முறுக்கினாள், வண்டி நேரானது.

நான் பேச ஆரம்பித்தேன். ஜிப் விலை ஏறியது, தம்பிக்குப் பெண் பார்ப்பது, மேல் அறை ஒழுகுவது என்று என்னென்னமோ வாயில் வந்தது, நிறுத்த முடியவில்லை.

"என்ன, பயமா?" என்றாள்.

"எனக்கென்ன பயம்?"

"பின்னால உக்காந்தா வாய் தன்னால பேசும். நானும் பயத்துலதான் பேசுனேன், இத்தன வருசமா."

எனக்குச் சுருக்கென்றது. நான் சொர்க்கம் என்று நினைத்துக்கொண்டிருந்த அத்தனை காலையும் இவளுக்கு வெறும் பயமா? "ஏளா, அப்ப எங்கூடப் பேசணும்னு பேசலியா?" என்று கேட்டேன்.

வேகத்தைக் குறைத்தாள். ஹெல்மெட் பின்னால் சாய்ந்து என் ஹெல்மெட்டில் முட்டியது.

"பயந்தா கூப்பிட எத்தன சாமி இருக்கு. ஒண்ணையாவது கூப்பிட்டேனா? ஒங்ககிட்டதான பேசிட்டு வந்தேன்."

அவள் ஆக்சிலேட்டரை முறுக்கினாள்.

"என்ன சத்தத்தக் காணோம்? அடுத்த திருப்பம் வருது, பேசிட்டே வாங்க."